குழந்தைகளின் இழுப்பு நோய்க்கு வாயு வைத்தியம் பலிக்குமா?

மோட்டார் கார் விடும் புகையில் பல வாயுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு "நைட்ரிக் ஆக்சைடு" என்று பெயர்.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை. கண்ணால் பார்க்க முடியாது. காற்றோடு சேர்ந்தால், இது வேறொரு வாயுவாக மாறும். அது பழுப்பு நிறம் கொண்டது. நெஞ்சை எரிக்கும். மூச்சை அடைக்கும்.

இப்படிப்பட்ட வாயுவை, பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தையின் மூச்சில் கலந்து கொடுத்தால் என்ன ஆகும்?

"ஐயோ! விஷம் அல்லவா?" என்று பெற்ற வயிறு பதறும்.

ஆனால், டாக்டர்கள் துணிந்து கொடுத்தார்கள். நீலம் பாரித்துக் கிடந்த குழந்தைகளின் உடம்பில் பிராணவாயு ஏறியது. நீலம் மறைந்து, இயற்கை நிறம் திரும்பியது!

உடனே இன்னொரு கேள்வி பிறந்தது. "மூச்சு விட முடியாத பச்சைக் குழந்தைக்கு உதவுகிற வாயு, இழுப்பு நோயால் தவிக்கும் பிள்ளைகளுக்கும் உதவாதா?"

நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடி, விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் உழைத்தார்கள். கிடைத்த விடை, அவர்களே எதிர்பாராதது. குழந்தை உள்ள ஒவ்வொரு வீட்டாரும் அதைத் தெரிந்து கொள்வது நல்லது.

இழுப்பு எப்படி வருகிறது?

இழுப்பு, இரைப்பு, ஆஸ்துமா என்று எப்படிச் சொன்னாலும் நோய் ஒன்றுதான்.

உலகம் முழுவதும் 2019-ஆம் ஆண்டில் 26 கோடியே 20 லட்சம் பேருக்கு ஆஸ்துமா இருந்தது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டு இருக்கிறது. அந்த ஒரே ஆண்டில் 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் இந்த நோயால் இறந்தார்கள். குழந்தைகளுக்கு வரும் நீண்ட கால நோய்களில், அதிகமாகக் காணப்படுவது இதுதான்.

நுரையீரலைத் தலைகீழாக நிற்கும் ஒரு மரம் என்று வைத்துக் கொள்ளலாம். தொண்டையில் இருந்து இறங்கும் பெரிய குழல், அடிமரம். அது இரண்டாகப் பிரியும். ஒவ்வொன்றும் மேலும் இரண்டாகப் பிரியும். இப்படியே கிளை, சிறு கிளை, குச்சி என்று பிரிந்து கொண்டே போகும். குச்சிகளின் நுனியில் இலைகள் போலச் சின்னஞ்சிறு காற்றுப் பைகள் இருக்கும். அங்கேதான் பிராணவாயு ரத்தத்தில் சேருகிறது.

ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இந்தக் கிளைகளில் மூன்று கோளாறுகள் ஏற்படுகின்றன.

ஒன்று: குழலைச் சுற்றி உள்ள தசை, கயிறு கொண்டு இறுக்கியது போலச் சுருங்குகிறது.

இரண்டு: குழலின் உட்சுவர் அழற்சி கண்டு, சிவந்து வீங்குகிறது.

மூன்று: கெட்டியான சளி சுரந்து, இருக்கிற இடைவெளியையும் அடைக்கிறது.

அப்போது காற்று உள்ளே போவதை விட, வெளியே வருவது கடினம் ஆகிவிடும். புல்லாங்குழலில் காற்றுப் போவது போல "கீச், கீச்" என்று சத்தம் கேட்கும். குழந்தை படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து கொள்ளும்.

இந்த மூன்று கோளாறுகளையும் மனதில் வைத்துக் கொண்டால், வாயு வைத்தியத்தின் கதை எளிதாகப் புரிந்து விடும்.

வெடி மருந்தில் இருந்து வந்த கதை

இந்த வாயு புதிது அல்ல. 1772-ஆம் ஆண்டிலேயே ஜோசப் பிரீஸ்ட்லி என்ற இங்கிலாந்து விஞ்ஞானி இதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்.

ஆனால், மனித உடலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது யாரும் கனவிலும் நினைக்கவில்லை.

ஆல்பிரட் நோபெல் என்ற சுவீடன் நாட்டுப் பணக்காரரின் பெயர் பலருக்குத் தெரியும். நோபெல் பரிசை ஏற்படுத்தியவர் அவர்தான். நைட்ரோகிளிசரின் என்ற வெடிக்கும் திரவத்தைக் கொண்டு டைனமைட் செய்து, அவர் பெரும் செல்வம் திரட்டினார்.

அதே நைட்ரோகிளிசரினை மிகச் சிறிய அளவில் கொடுத்தால், மாரடைப்பின் போது வருவது போன்ற நெஞ்சு வலி குறைகிறது என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள்.

நோபெலுக்கும் இதய நோய் வந்தது. அவருக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? நைட்ரோகிளிசரின்! "விதியின் வேடிக்கையைப் பார்த்தாயா?" என்ற பொருள்பட, அவர் 1896-ல் நண்பருக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி அவர் காலமானார்.

வெடி மருந்து ஏன் நெஞ்சு வலியைக் குறைக்கிறது? இதற்கு விடை தெரிய, இன்னும் 80 ஆண்டுகள் ஆயின.

1977-ல் பெரிட் முராட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, நைட்ரோகிளிசரினில் இருந்து நைட்ரிக் ஆக்சைடு வாயு வெளிப்படுகிறது என்றும், அதுதான் ரத்தக் குழாயின் தசையைத் தளர்த்துகிறது என்றும் கண்டறிந்தார்.

1980-ல் ராபர்ட் பர்ச்காட் என்ற இன்னொரு அமெரிக்கர் ஒரு விந்தையை வெளியிட்டார். ரத்தக் குழாயின் உட்பக்கத்தில் மெல்லிய தோல் போன்ற படலம் இருக்கிறது. அந்தப் படலம் பழுது படாமல் இருந்தால், ஒரு மருந்து பட்டதும் குழாய் தளர்ந்தது. படலத்தைத் தேய்த்து எடுத்து விட்டால், அதே மருந்து குழாயைச் சுருக்கியது. அப்படியானால், "தளர்ந்து கொடு" என்று தசைக்குத் தகவல் சொல்லும் ஏதோ ஒரு பொருள் அந்தப் படலத்தில் இருந்து வருகிறது.

அந்தத் தூதன் யார்?

அது நைட்ரிக் ஆக்சைடு வாயுதான் என்று 1986, 1987-ஆம் ஆண்டுகளில் தெரிய வந்தது. புகையில் இருக்கும் அதே வாயுவை மனித உடலே தயார் செய்கிறது! உலக விஞ்ஞானிகள் வியப்பில் ஆழ்ந்தார்கள்.

பர்ச்காட், முராட், லூயிஸ் இக்னாரோ ஆகிய மூவருக்கும் 1998-ல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. வெடி மருந்து விற்ற பணத்தில் வந்த பரிசு, வெடி மருந்தின் ரகசியத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கே போய்ச் சேர்ந்தது!

பெயரில் குழப்பம் வேண்டாம்

"நைட்ரஸ் ஆக்சைடு" என்று வேறொரு வாயு இருக்கிறது. அதைச் "சிரிப்பு வாயு" என்றும் சொல்வார்கள். பல் பிடுங்கும்போதும், ஆபரேஷனின் போதும் வலி தெரியாமல் இருக்க அதைக் கொடுப்பது உண்டு.

அது வேறு, இது வேறு. பெயரில் சிறிதுதான் வித்தியாசம். குணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

நீலம் பாரித்த குழந்தைகள்

தாயின் வயிற்றில் இருக்கும்போது, குழந்தை மூச்சு விடுவது இல்லை. ஆகவே நுரையீரலுக்கு அதிக ரத்தம் போவதும் இல்லை. அங்கே உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கியே இருக்கும்.

பிறந்ததும் குழந்தை வீறிட்டு அழுகிறது. நுரையீரல் விரிகிறது. ரத்தக் குழாய்களும் திறந்து கொள்கின்றன.

சில குழந்தைகளுக்கு மட்டும் அவை திறப்பது இல்லை. காற்று உள்ளே வந்தாலும், அதை வாங்கிக் கொள்ள ரத்தம் வராது. குழந்தை நீலம் பாரித்து விடும். ரத்தக் குழாயைத் தளர்த்தும் மருந்தை ஊசி மூலம் ஏற்றினால், உடம்பு முழுவதும் உள்ள குழாய்கள் தளர்ந்து, ரத்த அழுத்தம் விழுந்து விடும்.

இங்கேதான் நைட்ரிக் ஆக்சைடின் தனிச் சிறப்பு பயன்பட்டது. அதை மூச்சோடு கொடுத்தால், நுரையீரலில் உள்ள ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். அங்கிருந்து ரத்தத்தில் கலந்ததும், ரத்தத்தில் உள்ள சிவப்புப் பொருள் அதை விழுங்கி விடும். உடம்பின் மற்றப் பகுதிகளுக்கு அது போகாது.

1991-ல் அமெரிக்காவில் போஸ்டன் நகர விஞ்ஞானிகள் ஆட்டுக் குட்டிகளுக்கு இந்த வாயுவைக் கொடுத்துப் பார்த்தார்கள். மறு ஆண்டில் டாக்டர்கள் பச்சைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள்.

வழக்கமாகக் கொடுக்கும் அளவு எவ்வளவு? காற்றின் பத்து லட்சம் பங்கில் 20 பங்கு. அவ்வளவுதான்!

சில குழந்தைகள் தேறிவிட்டார்கள் என்பதற்காக டாக்டர்கள் திருப்தி அடைந்து விடவில்லை. வாயு கொடுக்காமலே கூட அவர்கள் தேறி இருக்கலாம் அல்லவா? ஆகவே அமெரிக்காவிலும், கனடாவிலும் 235 குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். யார் எந்தப் பிரிவு என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல முடிவு செய்தார்கள். ஒரு பிரிவுக்கு நைட்ரிக் ஆக்சைடு. இன்னொரு பிரிவுக்கு அது இல்லை.

1997-ல் முடிவு வெளிவந்தது. வாயு கொடுக்கப்படாத குழந்தைகளில் 100-க்கு 64 பேர் இறந்தார்கள், அல்லது ரத்தத்தை வெளியே எடுத்துப் பிராணவாயு ஏற்றும் எந்திரத்தில் வைக்கப்பட்டார்கள். வாயு கொடுக்கப்பட்ட குழந்தைகளில் இது 100-க்கு 46 ஆகக் குறைந்தது. எந்திரத்தின் தேவை குறைந்ததுதான் இதில் முக்கிய லாபம்.

1999 டிசம்பரில் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து இலாகா, இந்த வாயுவைப் பச்சைக் குழந்தைகளுக்கு உரிய மருந்தாக அங்கீகரித்தது.

இழுப்புக்கு உதவியதா?

ரத்தக் குழாயைச் சுற்றித் தசை இருக்கிறது. மூச்சுக் குழலைச் சுற்றியும் தசை இருக்கிறது. ஒன்றைத் தளர்த்தும் வாயு, இன்னொன்றையும் தளர்த்த வேண்டும் அல்லவா?

போஸ்டன் விஞ்ஞானிகள் 1992-ல் கினிப்பன்றிகளிடம் சோதனை செய்தார்கள். மருந்து கொடுத்து, அவற்றின் மூச்சுக் குழல்களைச் சுருங்கச் செய்தார்கள். பிறகு நைட்ரிக் ஆக்சைடு கொடுத்தார்கள். குழல்கள் தளர்ந்தன!

நம்பிக்கை வளர்ந்தது. அடுத்து மனிதர்களிடம் சோதனை நடந்தது. 1993-லும், 1996-லும் வெளிவந்த முடிவுகள் அந்த நம்பிக்கைக்குக் கடிவாளம் போட்டன. லேசான ஆஸ்துமா உள்ள பெரியவர்களுக்கு, பச்சைக் குழந்தைகளுக்குத் தரும் அளவைப் போலப் பல மடங்கு கொடுத்தும், மூச்சுக் குழல் சிறிதளவுதான் விரிந்தது. இன்ஹேலரில் வரும் சாதாரண "சால்புடமால்" மருந்து இதை விட நன்றாக வேலை செய்கிறது. அதன் விலையும் குறைவு.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்க டாக்டர்கள் சிலர் இன்னொரு தகவலை வெளியிட்டார்கள். எந்த மருந்துக்கும் கட்டுப்படாத கடும் இழுப்பு வந்து, செயற்கைச் சுவாச எந்திரத்தில் கிடந்த ஐந்து குழந்தைகளுக்கு இந்த வாயுவைக் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் தேங்கி இருந்த கரியமில வாயு குறைந்தது.

மகிழ்ச்சி தரும் செய்திதான். ஆனால் ஐந்து பேர் சாட்சி போதுமா?

அந்தக் குழந்தைகளுக்கு மற்ற மருந்துகளும் கொடுக்கப்பட்டு வந்தன. தேறியது வாயுவாலா, மற்ற மருந்துகளாலா, அல்லது நேரம் கழிந்ததாலா? ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவு இல்லை. 235 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்த்தது போன்ற பெரிய சோதனை, இழுப்பு நோய் விஷயத்தில் வெற்றி தந்து இருக்கவில்லை. ஆகவேதான் ஆஸ்துமாவுக்கு டாக்டர்கள் கைக்கொள்ளும் வைத்திய முறைகளில், இந்த வாயுவுக்கு வழக்கமான இடம் கிடைக்கவில்லை.

திகைக்க வைத்த உண்மை

இதற்கு இடையே சுவீடன் நாட்டில் வேறு ஓர் ஆராய்ச்சி நடந்து கொண்டு இருந்தது.

மனிதர்கள் வெளியே விடும் மூச்சிலேயே நைட்ரிக் ஆக்சைடு கலந்து வருகிறது என்று அங்கே உள்ள விஞ்ஞானிகள் 1991-ல் கண்டார்கள். 1993-ல் அதை விடப் பெரிய அதிசயம் வெளிப்பட்டது.

ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சில் இந்த வாயு குறைவாக இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? குறைவாக இருந்தால்தானே, வெளியில் இருந்து கொடுக்க வேண்டும்?

ஆனால், அவர்களின் மூச்சில் அது மற்றவர்களை விட அதிகமாக இருந்தது!

எரிகிற வீட்டில் இருந்து புகை வருவது போல, அழற்சி கண்ட மூச்சுக் குழலில் இருந்து இந்த வாயு வருகிறது. குழலின் உட்சுவரில் ஒவ்வாமையால் அழற்சி ஏற்பட்டால், அங்கே உள்ள உயிர் அணுக்கள் நைட்ரிக் ஆக்சைடை ஏராளமாகத் தயாரிக்கின்றன.

வாயு வைத்தியம் எதிர்பார்த்த பலனைத் தராததற்கு இங்கே ஒரு விளக்கம் கிடைக்கிறது. முன்பு சொன்ன மூன்று கோளாறுகளில், தசை இறுகுவதை மட்டும்தான் இந்த வாயு கொஞ்சம் தளர்த்தும். வீக்கத்தை வடிக்காது. சளியைக் கரைக்காது. ஏற்கனவே வாயு மிகுந்து இருக்கும் குழலில் மேலும் கொஞ்சம் வாயுவை ஊதினால், நோயின் வேர் எப்படி அறுபடும்?

ஊதினால் தெரியும் உண்மை!

மருந்தாகத் தோற்ற வாயு, துப்பறியும் நிபுணராக ஜெயித்து விட்டது!

குழந்தையின் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், மூச்சுக் குழலுக்குள் அழற்சி இருக்கிறதா என்று ஊகிக்கலாம். இதற்காகக் கருவிகள் செய்யப்பட்டன. 2003-ல் அமெரிக்க அரசாங்கம் இத்தகைய ஒரு கருவிக்கு அனுமதி கொடுத்தது.

ஊசி குத்த வேண்டியது இல்லை. ரத்தம் எடுக்க வேண்டியது இல்லை. குழந்தை ஆழமாக மூச்சை இழுத்து, ஒரு குழாய்க்குள் ஒரே சீராகச் சில விநாடிகள் ஊத வேண்டும். அவ்வளவுதான். சுமார் ஐந்து வயது ஆன குழந்தை இதைக் கற்றுக் கொள்ளும்.

மூக்கைச் சுற்றி உள்ள எலும்பு அறைகளிலும் இந்த வாயு மிகுதியாக உண்டாகிறது. அது கலந்து விடாமல் இருக்க, வாயால் மட்டும் ஊதச் சொல்கிறார்கள்.

அளவு எவ்வளவு தெரியுமா? நூறு கோடிப் பங்கு மூச்சில் இத்தனை பங்கு வாயு என்று கணக்கு! குழந்தைகளின் மூச்சில் இது 20-க்குக் கீழே இருந்தால் குறைவு என்றும், 35-க்கு மேலே போனால் அதிகம் என்றும், அமெரிக்க மார்பு நோய் நிபுணர்களின் சங்கம் 2011-ல் கூறியது. 5 வயது முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைக்கு ஆஸ்துமாவின் அறிகுறிகள் இருந்து, மூச்சு அளவு 35-ஐ எட்டினால், அது ஆஸ்துமா என்று முடிவு செய்யலாம் என்று பிரிட்டிஷ் மருத்துவ நிபுணர்கள் 2024-ல் வழிமுறை வகுத்தார்கள்.

இந்தக் கருவியும் கடவுள் அல்ல. மூக்கில் ஒவ்வாமை இருந்தாலும் அளவு ஏறும். ஆஸ்துமா இருந்தும் அளவு ஏறாத குழந்தைகளும் உண்டு. ஆகவே டாக்டர், குழந்தையின் உடலைப் பார்த்து, வீட்டாரின் வார்த்தையைக் கேட்டு, பிறகுதான் கருவியின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கதை முடியவில்லை

நைட்ரிக் ஆக்சைடு உடம்பில் சில விநாடிகளே உயிரோடு இருக்கும். அது வேறு பொருள்களோடு சேர்ந்து, அதிக நேரம் நிலைத்து நிற்கும் கூட்டுப் பொருள்களாகவும் மாறுகிறது. அவையும் மூச்சுக் குழலை விரிக்க வல்லவை.

கடும் இழுப்பால் மூச்சுத் திணறி உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்த குழந்தைகளின் மூச்சுக் குழலில், இந்தக் கூட்டுப் பொருள்கள் மிகக் குறைவாக இருந்தன என்று 1998-ல் அமெரிக்க டாக்டர்கள் தெரிவித்தார்கள். வாயு அதிகம், ஆனால், அதில் இருந்து வர வேண்டிய நல்ல பொருள் குறைவு! பால் நிறைய இருந்தும், தயிர் உறையாத வீட்டைப் போல.

அந்தப் பொருளைச் சிதைக்கும் ஒரு ரசாயனத்தைத் தடுத்து நிறுத்தினால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. அந்த ரசாயனம் இல்லாத எலிகளுக்கு, மூச்சுக் குழல் எளிதில் இறுகவில்லை என்று 2005-ல் தெரிந்தது. எலிக்குப் பலித்தது, குழந்தைக்குப் பலிக்குமா என்பதை ஆராய்ச்சிதான் சொல்ல வேண்டும்.

விளையாட்டுப் பொருள் அல்ல

இந்த வாயுவை ஆஸ்பத்திரிக்கு வெளியே யாரும் தொடக் கூடாது.

பிராணவாயுவோடு கலந்தால், இது நெஞ்சை எரிக்கும் பழுப்பு வாயுவாக மாறும். மோட்டார் புகையிலும், சமையல் காஸ் அடுப்பு எரியும்போதும் அந்தப் பழுப்பு வாயு உண்டாகிறது. அது ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இழுப்பைத் தூண்டக் கூடியது. நைட்ரிக் ஆக்சைடின் அளவு மிஞ்சினால், பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ரத்தத்தின் சக்தியும் குறைந்து விடும். கொடுத்துக் கொண்டு இருக்கும்போது திடீர் என்று நிறுத்தினால், நுரையீரலின் ரத்தக் குழாய்கள் மறுபடியும் சுருங்கிக் கொள்ளலாம்.

ஆகவேதான் பச்சைக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் இடத்தில், காற்றையும் ரத்தத்தையும் இடைவிடாமல் கண்காணிக்கிறார்கள். செலவும் மிக அதிகம்.

கையில் இருக்கும் மருந்து

"அப்படியானால், இழுப்பு நோய்க்கு வழியே இல்லையா?" என்று தாய்மார்கள் கேட்கலாம்.

வழி இருக்கிறது. அது கையிலேயே இருக்கிறது.

ஆஸ்துமாவுக்கு இரண்டு வகை இன்ஹேலர் மருந்துகள் உண்டு. ஒன்று, இறுகிய தசையை உடனே தளர்த்துவது. சால்புடமால் இந்த வகை. இது வேலை செய்வதைச் சில நிமிடங்களில் காணலாம். இன்னொன்று, உள்ளே இருக்கும் அழற்சியைத் தணிப்பது. குறைந்த அளவு ஸ்டீராய்டு மருந்து இந்த வகை. இது ஒரே நாளில் பலன் தராது. டாக்டர் சொன்னபடி தவறாமல் இழுத்து வந்தால்தான், வீக்கம் வடியும். மூச்சில் வரும் நைட்ரிக் ஆக்சைடும் இதனால் குறைகிறது!

வீடுகளில் நடப்பது என்ன? இழுப்பு வரும்போது முதல் வகையைத் தேடுகிறார்கள். இழுப்பு நின்றதும், இரண்டாவது வகையை மூட்டை கட்டி வைத்து விடுகிறார்கள். "பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான், எதற்கு மருந்து?" என்று நினைக்கிறார்கள். வெளியே சத்தம் இல்லை என்பதால், உள்ளே நெருப்பு அணைந்து விட்டது என்று அர்த்தம் இல்லை. நீறு பூத்த நெருப்பாக அது இருக்கும். ஒரு சளிக் காய்ச்சலோ, ஒரு நாள் புகையோ போதும். மீண்டும் பற்றிக் கொள்ளும்.

"இன்ஹேலர் பழக்கம் ஆகிவிடும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். அது போதை மருந்து அல்ல. கண் பார்வை குறைந்தவர் தினமும் கண்ணாடி போடுகிறார். அதை யாராவது கெட்ட பழக்கம் என்று சொல்கிறார்களா?

"ஸ்டீராய்டு வளர்ச்சியைக் கெடுத்து விடும்" என்று வேறு சிலர் அஞ்சுகிறார்கள். இந்தப் பயத்தில் ஓரளவு உண்மை உண்டு. அதை மறைக்க வேண்டியது இல்லை. அமெரிக்காவிலும், கனடாவிலும் 1,041 குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். அவர்கள் பெரியவர்கள் ஆன பிறகு அளந்து பார்த்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தவர்கள், எடுக்காதவர்களை விடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்து இருந்தார்கள்.

ஒரு விரல் அகலம் கூட இல்லை! ஒரு தட்டில் இந்த உயரத்தையும், மறு தட்டில் குழந்தையின் மூச்சையும் வைத்துப் பார்த்தால், எது கனமானது என்று தாய்க்குச் சொல்லித் தர வேண்டியது இல்லை. கட்டுப்படாத ஆஸ்துமாவும் குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கக் கூடியதுதான்.

சின்னக் குழந்தைகள் இன்ஹேலரை நேராக வாயில் வைத்து இழுத்தால், மருந்து பெரும்பாலும் தொண்டையிலேயே தங்கி விடும். "ஸ்பேசர்" என்ற குடுவையைப் பொருத்திக் கொடுத்தால், மருந்து நுரையீரல் வரை போகும். ஸ்டீராய்டு இழுத்த பிறகு, வாயைக் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும்.

வீட்டில் பீடி, சிகரெட் புகை கூடாது. தகப்பனார் திண்ணையில் போய்ப் பிடித்தாலும், புகையின் நெடி சட்டையோடு உள்ளே வரும். மருந்துக்குச் செலவு செய்யும் கையே புகையையும் கொண்டு வந்தால், அந்தச் செலவால் என்ன பயன்?

தாமதிக்கக் கூடாத நேரம்

சில அறிகுறிகளைக் கண்டால், ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது.

குழந்தையால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளின் இடையிலும், கழுத்தின் அடியிலும் குழி விழுகிறது. உதடு நீலம் ஆகிறது. குழந்தை சோர்ந்து தூங்கி விழுகிறது. இன்ஹேலர் கொடுத்தும் தணியவில்லை. இவற்றில் எதைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

முக்கியமாக ஒன்று. கடுமையாக இருந்த "கீச், கீச்" சத்தம் திடீர் என்று நின்று, குழந்தை துவண்டு போனால், "இழுப்பு நின்று விட்டது" என்று மகிழக் கூடாது. சத்தம் போடக் கூடக் காற்று இல்லை என்று அதற்குப் பொருள். அதுதான் மிகப் பெரிய ஆபத்து.

புதுமை வரட்டும், பழையது நிற்கட்டும்!

நோய்க் குழந்தையை வைத்துக் கொண்டு இருப்பவர்களின் மனம் எளிதில் ஏமாறும். "புது மருந்து வந்து விட்டது" என்று யார் சொன்னாலும், காது அங்கே போகும். "ஒரே வேளையில் குணம்" என்று யார் கூவினாலும், கால் அங்கே போகும். அப்படிப் போகிறவர்கள், முதலில் கைவிடுவது டாக்டர் கொடுத்த தினசரி மருந்தைத்தான். கேடு அங்கேதான் ஆரம்பம் ஆகிறது.

நைட்ரிக் ஆக்சைடின் கதை இதற்கு நல்ல பாடம்.

அதைச் சோதித்தவர்கள் சாதாரண மனிதர்கள் அல்லர். அவர்களுடைய யோசனை பிழையானதும் அல்ல. கினிப்பன்றிக்குப் பலித்தது. பச்சைக் குழந்தைக்குப் பலித்தது. நோபெல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு அதற்குப் பின்னே நின்றது. இவ்வளவு இருந்தும், ஆஸ்துமாவில் எதிர்பார்த்த அளவு பலிக்கவில்லை. பலிக்கவில்லை என்பதை அளந்து பார்த்து, வெளிப்படையாகச் சொன்னார்கள். அதுதான் விஞ்ஞானத்தின் பெருமை.

நோபெல் பரிசு பெற்ற வாயுவுக்கே இந்த உரைகல் என்றால், அளந்தும் பார்க்காமல், கணக்கும் காட்டாமல், "நிச்சயம் குணம்" என்று விற்கப்படும் மருந்துகளை எவ்வளவு உரசிப் பார்க்க வேண்டும்!

நாளைக்கு இந்த வாயுவில் இருந்தோ, அதன் கூட்டுப் பொருளில் இருந்தோ நல்ல மருந்து வரலாம். வந்தால், எல்லோரும் வரவேற்கலாம். அதுவரை, அலமாரியில் இருக்கும் சிறிய இன்ஹேலரை ஒதுக்கி வைக்க வேண்டாம்.

வரப் போகும் மருந்துக்காக இன்றைய மூச்சு காத்து நிற்காது. இன்றைய மருந்தை ஒழுங்காகக் கொடுத்தால், ஆஸ்துமா உள்ள பிள்ளையும் மற்றப் பிள்ளைகளோடு ஓடி ஆடும், பள்ளிக்குப் போகும், இரவில் நிம்மதியாக உறங்கும்.